கழுவிய கிருமி

சேலத்து வெயிலில் ஈதரை வைத்துக்கொண்டு வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. மூடியைத் திறந்து மூக்கைச் சொறிவதற்குள் பாதி பறந்துவிடும். ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் பானைக்குள் புட்டியை இறக்கி வைத்திருப்பேன். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதால் சொல்கிறேன், அந்தப் பானைக்குள் இருந்தவை எல்லாம் என்னுடையவை. டாக்டர் வெங்கடாசலத்துக்கு அவற்றில் பங்கில்லை.

என் பெயர் பாலசுந்தரம். அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே அவர் நடத்தும் காசநோய் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாகக் கோழை சோதிக்கிறேன்.

காசக் கிருமியை எல்லாரும் பழிக்கிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மற்றக் கிருமிகளைப் போல அது வெற்றுடம்போடு திரிவதில்லை. காய்ந்த எடையில் கால் பங்குக்கும் மேல் கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி மெழுகு. அந்த உறையால்தான் அமிலம் ஊற்றினாலும் அசராமல் கிடக்கிறது. ஈதரில் மெதுவாக அலசினால் மேல் கொழுப்பு கொஞ்சம் கழன்று வரும், கிருமி சாகாது. இழந்ததை அது மறுபடி உண்டாக்கிக்கொள்ளுமா? உண்டாக்கினால் பழைய கொழுப்பா, குடியிருக்கும் உடம்புக்கு ஏற்ற வேறு கொழுப்பா? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை.

அலசிய கிருமியை ஆறு சீமை எலிகளுக்கு ஊசியில் போட்டேன். ஐந்தாம் வாரம் கழுத்தில் கட்டி வந்தது. எட்டாம் வாரத்துக்குள் ஆறும் செத்தன.

"அத்தனையும் காய்ச்சிக் கொட்டிருங்க பாலசுந்தரம். இது நமக்கு வேண்டாத வேலை" என்றார் டாக்டர்.

சரிங்க என்றேன். ஒரு புட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே மேலும் வளர்த்து அலசினேன். அவ்வளவு பாடுபட்டதைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? ஆனால் எலியின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு.

சென்னியம்மாள் ஓமலூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண். ஆறாம் கட்டிலில் கிடந்த அங்கமுத்துவின் மனைவி. அவரைப் பார்க்க வாரம் இரண்டு முறை வருவார். களை வெட்டி உரமேறிய உடம்பு, ஒரு தும்மல்கூடக் கிடையாது.

"ஏனுங்க சாமி, இந்தச் சீக்கு ஒட்டாம இருக்க ஊசி ஏதாச்சும் இருக்குதுங்களா? ஊட்ல ரெண்டு கொழந்தைங்க. நானும் படுத்துட்டா அதுங்களுக்கு ஆரு இருக்கறாங்க?"

நானாகப் போய்க் கூப்பிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள்தான் கேட்டார். இருக்கிறது என்று சொல்லி, அன்றே ஒன்று போட்டேன்.

ஆடி பிறந்ததும் அந்த அம்மாளுக்கு இருமல் தொடங்கியது. முட்டையும் பாலும் சாப்பிடச் சொன்னேன். வரும்போதெல்லாம் பீங்கான் குவளையில் கோழை வாங்கிக்கொண்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார். மூன்று மாதக் கோழையில் இருந்த கிருமியைத் திரட்டி, அதன் கொழுப்பைப் பிரித்துத் தட்டில் வைத்தபோது தராசு முள் அசையவில்லை, எடை போடக்கூடக் காணாத அளவு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாள் பட்ட பாடு வீணாகிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

ஐப்பசியில் அங்கமுத்து இறந்தார். கார்த்திகையில் சென்னியம்மாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார்.

"உங்க ஊசியாலதான் சாமி இத்தன நாளு ஓடுச்சு. இல்லாட்டி அவரோடயே போயிருப்பேனுங்க. இதுங்களுக்கும் போட்டுருங்க."

முடியாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த நிலையில் அவர் மனத்தை நோகடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தவிர, ஒரே ஒரு உடம்பில் பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது வேதியியல் படித்த எவருக்கும் தெரியும்.

சௌந்திரத்துக்கு ஏழு வயது. சின்னண்ணனுக்கு நாலு. மருந்து என்று நான் எடுத்தது அதே பானையில் இருந்ததுதான். அது என்ன செய்யும் என்பதை ஆறு எலிகளிடம் பார்த்திருந்தேன், அவர்கள் தாயிடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தேதான் போட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெண் அழவில்லை. பையன் அழுதான். பிஞ்சுக் கைக்கு வலிக்கக் கூடாதே என்று இருப்பதிலேயே மெல்லிய ஊசியாகத் தேடி எடுத்தது நான்தான், அதையும் சேர்த்து எழுதுங்கள்.