சிரிக்கிறவன் போயிடுவான்

...கண்றாவி! பச்சையா அடிக்கிறீங்க? யாரு ரூம்ணே இது? என் ரூம்ணே! இருவது வருஷமா இந்த காலேஜ்ல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கறேன். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே அடுத்த ஆளுக்குப் பெயிண்டு! அதுவும் எங்கிட்டப் படிச்ச பொண்ணுக்கு. எறங்காதீங்க எறங்காதீங்க, ஏணிலருந்தே கேளுங்க.

நான் வேலைய விட்டுப் போகப்போறேனாம். யாரு சொன்னா? நான் சொன்னேனா? ஒரு ப்ரோக்ராம் சொல்லிச்சாம்ணே! எந்த வாத்தியாரு எப்ப கம்பி நீட்டுவாருன்னு முன்கூட்டியே சொல்லுமாம். லீவு, மீட்டிங்கு, ஈமெயிலு எல்லாத்தையும் அள்ளிப் போட்டா ஆள் பேரு வந்துடும். இந்தத் தடவ மொத ஆளா நான் வந்து நிக்கறேன்! பிரின்சிபாலு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? ம்ஹும். ரூமத் தூக்கிக் குடுத்துட்டாரு.

எதனாலன்னு கேளுங்க. மீட்டிங்ல நான் சண்ட போடறத நிறுத்திட்டேனாம்! அதுல ஒரு கணக்கு இருக்குண்ணே. சண்ட போடறவன் இருப்பான், சிரிக்கிறவன் போயிடுவான். நாற்காலி ஆடுது, ஃபேன் ஓடலன்னு கத்தறவனுக்கு இங்கயே இருக்கணும்னு ஆச. 'பரவால்ல சார்'னு பல்லக் காட்டறவன் வேற எங்கயோ துண்டு போட்டுட்டான். நல்ல கணக்குதான், இல்லேங்கல. ஆனா நான் எதுக்குச் சிரிச்சேன்? பி.பி.ணே! வீட்டுல அவ தெனம் வாசல்ல நின்னு, 'மீட்டிங்ல கத்தாதீங்க, சிரிச்ச மொகமா இருங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பறா. அவ பேச்சக் கேட்டேன், நடுத்தெருவுல நிக்கறேன்.

விடுவேனா? நேரா பிரின்சிபால்கிட்டப் போயி கத்தினேன் பாருங்க... பியூன் ஓடி வந்து கதவச் சாத்தினாரு. 'பாத்தீங்களா, சண்ட போடறேன்! போகமாட்டேன்!' மனுஷன் அசரவே இல்ல. 'சரி சார், ரூம இப்பவே திருப்பித் தர்றேன். அந்த ப்ரோக்ராம் தப்புன்னு உங்க வாயால சொல்லிடுங்க'ன்னாரு.

நான் சொல்லலண்ணே.

...என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அந்த ப்ரோக்ராம நாந்தான் எழுதினேன். ஆறு வருஷம், சோறு தண்ணி பாக்காம. எத்தன காலேஜ் வாங்கியிருக்கு தெரியுமா? ஏறாத மேட இல்ல, 'இது சொன்னா தப்பவே தப்பாது'ன்னு மார் தட்டியிருக்கேன். நான் பொறந்து உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதாண்ணே. அதப் போயி தப்புன்னு நானே எப்படிச் சொல்றது? 'பிரமாதமான ப்ரோக்ராம் சார், சரியாத்தான் சொல்லுது'ன்னுட்டு வந்துட்டேன்.

மாடிப்படிக்குக் கீழ ஒரு மேசை போட்டுக் குடுத்திருக்காங்க. நிமிந்தா மண்ட இடிக்குது. இடிச்சா இடிக்கட்டும், ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் அங்கயேதான் ஒக்காந்திருப்பேன், எங்கயும் போறதா இல்ல. ஆனா இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. ப்ரோக்ராம் பேரு கெட்டுப் போயிடும்.