காட்டிக் கொடுத்த ஜாகா

— கவுத்து வை. அந்த டெலிபோனை மொதல்ல கவுத்து வை, அப்புறம் பேசு.

— கவுத்து வெச்சாலும் கொரலு பதியும், அங்கிள். அதுக்குத்தான கொண்டாந்தேன்.

— பாத்தியா! அப்ப பையில போட்டு மூடு. யாரு அனுப்பினா உன்னை? கட்டட மொதலாளி தவுக்கேயா? அவன் மகனா?

— எந்தத் தவுக்கே? யாரும் அனுப்பல லா. வாசல்லயே சொன்னேனே, என் பேரு ஃபஸீலா. துறைமுகத்துப் பக்கம், மசாலாக் கிடங்குக்கு மேல ஒரு மாடி ஹால் இருந்துச்சே, அதுக்குக் காவக்கார ஜாகா நீங்கதான? பிச்சைமுத்துதான உங்க பேரு?

— பேரு தெரிஞ்சுக்கிட்டே கேக்குற. நான் இங்க டத்தோ கிராமாட் பிளாட்டுல இருக்கேன்னு எவன் சொன்னான்?

— கிடங்கு வெச்சிருந்த மீரா சாகிப்போட பேரன். மூணு மாசமா உங்களத் தேடுறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பங்க் பேண்டெல்லாம் அந்த ஹாலுக்கு வந்து வாசிக்குமே, நான் அதைக் கேக்க வந்த கூட்டத்துல ஒருத்தி.

— தலையில சேவக்கொண்டை வெச்சுக்கிட்டுத் திரிஞ்ச கூட்டமா?

— அதேதான். எனக்குக் கொண்டை இல்ல. தலையில துடோங் முக்காடு, கால்ல பூட்ஸு.

— ஆங். கிட்டார்க்காரனுக்குத் தண்ணி போத்தல் தூக்கிக்கிட்டு மூலையில நிப்பியே, அந்தப் புள்ளையா நீ?

— கிட்டார்க்காரன் இல்ல, பாடுறவன். என் அண்ணன் அஸ்லான்.

— அதுக்குப் பேரு பாட்டா? நாய்க்கு முள்ளு சிக்கினாக்கூட கொஞ்சம் ராகமா கத்தும்.

— எங்க வாப்பாவும் இதையேதான் சொல்வாங்க.

— சரி, இருபத்து நாலு வருஷம் கழிச்சு என்னாத்துக்கு என் வீட்டுக் கதவத் தட்டுற?

— நாங்க ஒரு புஸ்தகம் போடுறோம், அங்கிள். அந்தக் காலத்து ஆளுங்க ஆளாளுக்கு நெனப்புல இருக்குறத எழுதுறாங்க. எந்த பேண்டு எப்ப வாசிச்சுது, வீட்டுலயே கேசட்டு அடிச்சு பசார்ல எவன் ஒளிச்சு வெச்சு வித்தான், எல்லாம். அறுபத்து மூணு பேரு எழுதிட்டாங்க. அதுல நாப்பது பேரு உங்களப் பத்தி எழுதியிருக்காங்க.

— என்னையா? என்னான்னு?

— காட்டிக் கொடுத்த ஜாகான்னு.

— எழுதட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது.

— உங்க பேரன் பேத்திக்குத் தெரியும்ல? அதான் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வாயால கேட்டுடலாம்னு வந்தேன். நீங்க செய்யலன்னா உங்க பேர எடுத்துடுறேன்.

— செஞ்சேன்னு சொன்னா?

— போட்டுடுவேன்.

— பெரிய மாஜிஸ்திரேட்டு! ஒரு கோப்பிகூட குடிக்கல, தீர்ப்பு சொல்ல வந்துட்டா.

— அன்னிக்கு மூணு லாரி போலீஸு வந்துச்சு, அங்கிள். சரியா சாயங்கால மஃரிப் பாங்குக்கு. பாங்கு சொன்னதும் நாங்க எல்லாத்தையும் நிறுத்திடுவோம். பாதிப் பேரு பள்ளிவாசலுக்குப் போவாங்க, மீதிப் பேரு படியில உக்காந்து நாசி லெமாக் தின்பாங்க. வெளியாளுக்கு இது எப்படித் தெரியும்?

— தெருப் பூனைக்கும் தெரியும். மத்தியானத்துலேருந்து காது கிழியும். பாங்குக்குத்தான் அடங்கும்.

— அப்ப பூட்ஸு? எத்தனையோ வாரம் பூட்ஸோட ஏறினோம், ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு மட்டும் படிக்குக் கீழ நின்னுக்கிட்டு எல்லாரையும் கழட்டச் சொன்னீங்க. எம்பது ஜோடி, எல்லாம் கருப்பு, எல்லாம் ஒரே மாதிரி. போலீஸப் பாத்து ஓடாம, எது என்னுதுன்னு தேடிக்கிட்டு நின்னோம். கெடச்சவனும் கயித்தக் கட்டிக்கிட்டு குந்தியிருந்தான். ஓட விடாம செய்யத்தான் கழட்டச் சொன்னீங்கன்னு எழுதியிருக்காங்க.

— வெறுங்காலோட ஓட வேண்டியதுதான? இருபத்தஞ்சு வருஷம் நான் துறைமுகத்துல வெறுங்காலோட மூட்டை சொமந்தேன். பூட்ஸுக்காக மாட்டிக்கிட்டவன உன் கூட்டத்துலதான் பாக்குறேன்.

— பேச்ச மாத்தாதீங்க. டிரம் அடிச்ச சிக்கந்தர் பாத்திருக்கான். எதிர்க்கடையில காசு போட்டுப் பேசுற போன்ல நீங்க நின்னீங்க.

— அவன் கண்ணு மேல முழுக்க முடி. அவன் எதைப் பாத்தான்?

— அங்கிள், எங்க அண்ணனுக்கு மொட்டை அடிச்சாங்க. பேப்பர்ல படம் வந்துச்சு. காலேஜ்ல பேர எடுத்துட்டாங்க. வாப்பா ஆறு வருஷம் அவன் மூஞ்சியப் பாக்கல. இப்ப தாசேக் கெலுகோர்ல செம்பனை லாரி ஓட்டுறான். அதுக்கப்புறம் குளிக்கிறப்பகூட அவன் பாடி நான் கேட்டதில்ல. சாத்தானக் கும்புடுற கூட்டம்னு ஸ்டேஷன்ல சொன்னாங்க. யாரோ ஒருத்தன் சொல்லித்தான அவங்களுக்குத் தெரியும்?

— நான்தான் சொன்னேன்.

— என்னா?

— காது கேக்கலயா? நான்தான் போன் போட்டேன். சாத்தானக் கும்புடுறானுங்கன்னு சொன்னேன். ஆட்டு ரத்தம் குடிக்கிறானுங்கன்னு சேத்துச் சொன்னேன். எழுதிக்க.

— ஆட்டு ரத்தமா? நாங்க ரோஸ் சர்பத்து லா குடிச்சோம்!

— செவப்பாத்தான இருந்துச்சு.

— எப்படி அங்கிள் மனசு வந்துச்சு? நாங்க உங்கள என்னா செஞ்சோம்?

— குதிச்சீங்க.

— குதிச்சதுக்கா?

— எம்பது பேரு, ஒரே தாளத்துக்கு. நான் கீழ கிடங்குல நிக்கிறேன், மேலேருந்து மாவு சலிச்ச மாதிரி தூசி கொட்டுது. மூட்டை மேல ஏறிப் பாத்தேன். மாடியத் தாங்குற நடு உத்தரம் வெடிச்சிருந்துச்சு. முந்தின ஞாயிறு ஒரு வெரல்தான் உள்ள போச்சு. அதான் பூட்ஸக் கழட்டச் சொன்னேன், கொஞ்சம் கனம் கொறையட்டும்னு. அன்னிக்கு என் கை மணிக்கட்டு வரைக்கும் போச்சு.

— எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே!

— சொல்லலயா? மேல ஏறி வந்து தொண்டை கிழியக் கத்துனேன். குதிக்காதீங்கடா, உத்தரம் தாங்காதுடான்னு. உன் அண்ணன் என்ன செஞ்சான்? மைக்க என் வாய்க்கு நேரா நீட்டினான்!

— அல்லாவே! அது கேசட்டுல இருக்கு. எங்கள ஏசுறீங்கன்னு நெனச்சோம். குதிக்காதே, குதிக்காதேன்னு அவன் திருப்பிப் பாட, எல்லாரும் சேந்து பாட...

— பாடிக்கிட்டே குதிச்சீங்க.

— எங்க கூட்டத்துல அதுதான் பெரிய பாட்டு, அங்கிள். புஸ்தகத்துல பாதிப் பேரு அதப் பத்தித்தான் எழுதியிருக்காங்க.

— வெக்கங்கெட்டவனுங்க.

— ஹால் கதவப் பூட்டியிருக்கலாமே?

— வாடகை வாங்கின தவுக்கே பூட்ட விடுவானா?

— அப்ப போலீஸ்கிட்டயாச்சும் உத்தரம்னு சொல்லியிருக்கலாம். எதுக்குச் சாத்தான்?

— உத்தரம்னு சொன்னா, நாளைக்கு ஆபீஸுக்கு வந்து மனுக் குடுன்னு சொல்வான். சாத்தான்னு சொன்னேன், பத்து நிமிஷத்துல மூணு லாரி. அந்த வருஷம் ஊரெல்லாம் அதே பேச்சு. பேப்பர் படிக்காத எனக்கே தெரிஞ்சிருந்துச்சு. பாங்கு நேரத்துல பாதி மாடி காலி, ஒருத்தனும் குதிக்கல. மறுபடி ஏற விடாம தடுக்கணும், அவ்வளவுதான்.

— அப்புறமாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்ல? என் அண்ணன் மொட்டைத் தலையோட வெளிய வந்த பெறகாச்சும்?

— படிக்கட்டுக்குக் கீழ இருந்த ரூம்லதான் என் பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம். உத்தரம்னு வெளிய சொன்னா கட்டடத்தப் பூட்டி சீல் வெச்சிடுவானுங்க, நீ சட்டி பானையத் தூக்குன்னு தவுக்கே சொன்னான். மூடிக்கிட்டேன்.

— நான் நம்பல.

— நம்பாத. உன்னை யாரு கூப்பிட்டா?

— இல்ல, கதை நல்லாத்தான் இருக்கு. காட்டிக் கொடுத்தவரு ஒரே நிமிஷத்துல எங்களக் காப்பாத்துனவரு ஆயிட்டீங்க. நானும் புஸ்தகத்துல அப்படியே போட்டுடுவேன்னு பாக்குறீங்க. ஆனா முந்தாநாள் நான் அங்கதான் இருந்தேன்.

— எங்க?

— அந்தக் கட்டடத்துலதான். இத்தனை வருஷம் மாடியில சாமான போட்டுப் பூட்டியே வெச்சிருந்தாங்க. இப்ப புது ஓனர். கீழ கோப்பிக் கடை, மேல ஹாலை எங்களுக்காகத் தொறந்து விடுறான். வர்ற சனிக்கிழமை அங்கதான் புஸ்தகம் வெளியிடுறோம். ஏழு பேண்டு. அஸ்லானைக் கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சிருக்கேன், ஒரே ஒரு பாட்டு பாடுறேன்னு சொல்லியிருக்கான். எல்லாரும் புள்ளை குட்டியோட வர்றாங்க, இருநூறு பேருக்கு மேல.

— எத்தனை?

— இருநூறு. கோப்பிக் கடையில சீலிங்கு போடல, அங்கிள். பழைய மரமெல்லாம் பளபளன்னு வெளிய தெரியுது, டூரிஸ்டு நின்னு படம் எடுக்குறான். நானும் எடுத்தேன். இந்தாங்க, பாருங்க. இதான நடு உத்தரம்? வெரல வெச்சுப் பெருசாக்கிப் பாருங்க. வெடிப்ப விடுங்க, ஒரு கீறல் தெரியுதா? இப்ப சொல்லுங்க, யாரு பொய் சொல்றா?

— கீறல் வெளிய தெரியாது தாயி. தவுக்கே பேச்சக் கேட்டு, அந்த வெடிப்புக்குள்ள பசையும் மரத்தூளும் திணிச்சு, மேல சாயம் பூசி மறைச்சவனே நான்தான்.