மாடி அறைக்குப் போட்ட கார்டு

எந்தக் கருவிக்கு என்று கேட்காமல் மெமரி கார்டு விற்பவனை நான் கடைக்காரன் என்றே மதிப்பதில்லை, மேடம். ஜனங்கள் வருகிறார்கள், "அறுபத்திநாலு ஜிபி ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். எவ்வளவு கொள்ளும் என்பதுதான் அவர்கள் கவலை. எவ்வளவு வேகமாக எழுதும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாட்டு கேட்கிற போனுக்கு எதைப் போட்டாலும் ஓடிவிடும். அதையே நல்ல வீடியோ கேமராவில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பதிவு நின்றுவிடும். கேமரா குடம் குடமாகக் கொட்டும்போது கார்டின் வாய் குறுகலாக இருந்தால் அது என்ன செய்யும்? கார்டின் முகத்திலேயே வி30 என்று போட்டிருக்கும். நொடிக்கு முப்பது எம்பிக்குக் குறையாமல் எழுதும் என்று அதற்கு அர்த்தம். படிக்கத்தான் ஆளில்லை.

காவல் கேமராவின் கதை வேறு. அதற்கு வேகத்தைவிட உழைப்பு முக்கியம். ராப்பகலாக எழுதும், நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே எழுதும். சாதாரணக் கார்டு சில மாதங்களில் செத்துப்போகும். அதற்கென்றே உழைக்கிற கார்டு தனியாக வருகிறது. மாடி அறைக்கு நான் போட்டது வேகமும் உழைப்பும் சேர்ந்த கார்டு. அந்த அறைக்கு அது ஜாஸ்திதான். இருந்தாலும் மட்டமானதைப் போட மனது ஒப்பவில்லை. அங்கே இருந்தவள் என் மனைவி.

என் பெயர் ஜினேஷ். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், போன், கேமரா சாமான் கடை வைத்திருக்கிறேன். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. கீழே கூடமும் சமையலறையும். மேலே குளியலறையோடு ஒரு அறை. மனைவி சுதர்சனா ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் கணக்கு பார்த்தாள். அவள் வேலைக்குப் போனதை நான் தடுக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து தெருமுனைவரை சிரித்துக்கொண்டே வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பையும் கழற்றி வைத்துவிடுவாள். எனக்கு அது வலித்தது. நான் கல் இல்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் அவள் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல," என்றாள்.

சண்டையாக இருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். இன்னொரு புடவை எடுக்க மேலே போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன். கோபம் ஆறட்டும் என்றுதான் செய்தேன். யாருடைய கோபம் என்று கேட்கிறீர்கள். அவள் கோபமாக இல்லை, சரி.

அன்றே திறந்திருக்கலாம். திறந்தால் போய்விடுவாள். மறுநாள் திறந்தால் போவதோடு நில்லாமல், பூட்டி வைத்தான் என்று சொல்லவும் சொல்வாள். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் அவள் அண்ணன் ஆளோடு வருவார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வருவீர்கள். இப்படி ஒவ்வொரு நாளும் அந்தச் சாவி கனத்துக்கொண்டே போயிற்று. திறக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் முடிவு செய்யவில்லை. திறப்பதற்கு ஏற்ற நாள் ஒன்று வரவேயில்லை.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு இனியா. "அக்கா எங்கங்க, ஆளையே காணோம்?" என்றாள். "மௌனத்துல இருக்கா," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. அவள் உடனே தன் குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்டிங்களா," என்று கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து மிக்ஸி போடும்போதுகூட எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போட்டாள்.

வேறு ஊராக இருந்தால் நாலு பேர் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். இங்கே மௌனம் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள், விரலால் காட்டி சார்ஜர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பௌர்ணமி வந்தால் எங்கள் வாசற்படியில் யாராவது பழம் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். ஒரு வாழைப்பழத்தைக்கூட நான் தின்றதில்லை.

அவள் அண்ணன் ஜெயபாலுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம். தங்கையின் போனிலிருந்து அவருக்குச் செய்தி அனுப்பியது நான்தான். அவள் எழுதுகிற மாதிரியே எழுதுவேன். ஆடியில் ஒருநாள் ஒரு பை பச்சை மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். மாடிப்படிக்குக் கீழே நின்று, "சுதா, நான் வந்திருக்கம்மா," என்றார். மேலே கதவு தடதடவென்று ஆடியது. தடித்த கதவு, உள்ளே கத்தினாலும் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கீழே கேட்கும்.

"என்ன மாப்ள, இப்டி தட்றா?"

"வந்ததுல சந்தோசம்னு சொல்றா மச்சான். பேசக் கூடாதுல்ல, அதான்."

அவர் கண் கலங்கிவிட்டது. "எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மனசு வரல மாப்ள," என்றார். படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போய் வெகுநேரம் ஆனபிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். மல்லாட்டையை அன்றே வேகவைத்துக் கொடுத்தேன், அதைத் தொடவில்லை.

கேமரா வைத்தது அதற்கப்புறம்தான். தனியாக இருக்கிற பெண், ஏதாவது செய்துகொண்டால் என்ன ஆவது என்கிற பயம்தான் காரணம். போனிலேயே பார்க்கிற மாதிரி நெட்டில் இணைத்திருக்கலாம். நெட்டில் போனால் யார் கண்ணிலாவது படும். கார்டு என்றால் என் சட்டைப்பையோடு போயிற்று. காலையில் சாப்பாடு வைக்கப் போகும்போது கார்டைக் கழற்றி வேறொன்றைப் போடுவேன், கழற்றியதைக் கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பேன். கடையில் ஆள் வந்துபோவதால் ஒலியை நிறுத்தித்தான் பார்ப்பேன். நடப்பாள், உட்காருவாள், கேமராவுக்கு நேராக வந்து நிற்பாள். மட்டமான கார்டாக இருந்திருந்தால் அவள் எழுந்து திரும்புகிற இடங்களில் படம் எகிறியிருக்கும். இதில் ஒரு அசைவுகூட விட்டுப்போகவில்லை.

யார் அடைபட்டுக் கிடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் ஜைன வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அந்த அறைக்குள்ளும் அவள் அதை விடவில்லை. அதனால் கடையில் கூட்டம் அம்மும்போது ஷட்டரை இழுத்துவிட்டு, வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடி வருவேன். ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனதில்லை. வேலூருக்குச் சரக்கெடுக்கக்கூடப் போகவில்லை. மலையைச் சுற்ற உலகமே வந்துவிட்டுப் போகும், நான் கடைக்கும் அந்த மாடிப்படிக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தேன். பௌர்ணமி என்றால் வண்டியை விடமாட்டார்கள், கூட்டத்தில் நசுங்கி வீடு சேருவதற்குள் இருட்டிவிடும். தட்டை வைத்தால் தள்ளிவிடுவாள். அவள் பட்டினி கிடந்த பௌர்ணமிகள் உண்டு. அது அவளுடைய விரதம், நான் சோறு மறுத்ததாக எழுதாதீர்கள்.

பௌர்ணமிகளில் அவள், ஜன்னலை மூடி நான் அடித்திருந்த பலகையைத் தட்டுவாள். வெளியே அரோகரா சத்தம், ஒலிபெருக்கி, பீப்பி விற்கிறவன். லட்சம் பேர் அந்த ஜன்னலுக்குக் கீழே நடந்துபோனார்கள். நானும் அவர்களோடு நடந்து வந்து கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்காது.

இனி சதஃப் விஷயம். டவுனில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் நூருல்லா பாயின் மகள், கல்யாண வீடியோ எடுக்கிறவள், என் கடைக்குப் பழைய வாடிக்கை. ஐப்பசிப் பௌர்ணமியன்று மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, ரெக்கார்டிங் நின்னு நின்னு போவுது. கிரிவலம் எடுக்கணும், வேற கார்டு குடுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். பாட்டுப் போனில் போடுகிற கார்டு. "இத எவன்மா உன் தலையில கட்டனான்?"

"பஸ் ஸ்டாண்டாண்ட வாங்கனேன். விலை கம்மியா இருந்திச்சி."

"எழுதறதையும் கம்மியாத்தான் எழுதும், போ."

சிரித்தாள். அவளுக்கு ஏற்ற வேகக் கார்டு எல்லாம் அன்று காலையிலேயே விற்றுப் போயிருந்தது. மேஜை டிராயரில் மாடி அறைக் கார்டு ஒன்று இருந்தது. அவள் கேமராவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி கார்டு. தவறான கார்டோடு ஒரு வாடிக்கையாளரை அனுப்புவது எனக்கு ஆகாது. ஃபார்மேட் செய்து, கேமராவில் பொருந்துகிற உறையில் செருகிக் கொடுத்தேன்.

போகும்போது படியில் நின்று, "அக்கா எப்டி இருக்காங்கண்ணா? உங்க வூட்டாண்ட வரும்போது பேசாமதான் போவேன், அவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு," என்றாள். நல்ல பெண்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம்தான் எடுத்திருக்கிறாள். எடுத்ததிலும் எதையோ கை தவறி அழித்துவிட்டு, அதை மீட்க வீட்டில் மென்பொருள் போட்டுத் தேடியிருக்கிறாள். ஃபார்மேட் என்பது வீட்டை இடிப்பது இல்லை, வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையைக் கழற்றுவது மட்டும்தான். மேலே வேறு எழுதுகிறவரை பழையது உள்ளேயே இருக்கும். அவள் தேடியதோடு என்னுடையதும் எழுந்து வந்துவிட்டது. மௌனத்தில் இருக்கிற அக்கா பேசுவதை அவள் கேட்டாள். என்னிடம் வராமல் நேரே உங்களிடம் வந்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீங்கள் வந்து கதவைத் திறந்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன், ஓடவில்லை. சுதர்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள், கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வாசலில் இனியாவும் இன்னும் சில பெண்களும் நின்றிருந்தார்கள். விரதம் முடிந்து இறங்கி வருகிறாள் என்று நினைத்து எல்லோரும் கைகூப்பினார்கள். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நானா மௌனம் இருந்தேன்?" என்றாள்.

இனியா கூப்பிய கையைக் கீழே போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னைச் சுதர்சனா பார்க்கவேயில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

காலையில் என்னை 'நீங்க' என்று பேசினீர்கள், மேடம். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வந்தபிறகு 'நீ' என்கிறீர்கள். பரவாயில்லை. கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஃபார்மேட் செய்தால் போகாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவன், தெரிந்தே அந்தக் கார்டைக் கொடுப்பானா? மற்றதெல்லாம் நாலு நாளுக்கொரு முறை அழிந்து அழிந்து எழுதப்பட்டிருக்க, அது மட்டும் ஏன் டிராயரில் கிடந்தது?

அப்படியானால் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். ஒலியை நிறுத்தித்தான் பார்ப்பேன் என்றேன். ஒரே ஒருநாள் நிறுத்தவில்லை. ஆவணியில், கடையில் ஆளில்லாத மத்தியான நேரம், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். அவள் கேமராவுக்கு நேரே வந்து நின்றாள். கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகப் பேசினாள்.

"நீ இதப் பாப்பன்னு தெரியும். உனக்கும் பயமாத்தான் இருக்கும். கதவத் தெற. மௌனம் முடிஞ்சிடிச்சின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். எங்கண்ணன்கிட்டகூட எதையும் சொல்ல மாட்டேன். நீ தெறந்தா மட்டும் போதும்."

வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன் என்று இவ்வளவு நேரம் சொன்னேன் இல்லையா. வழியை அவளே கையில் கொடுத்தாள். அவள் சொன்னால் சொன்னபடி செய்கிறவள், அது எனக்குத் தெரியும். நான் இயர்போனைக் கழற்றிவிட்டு, அந்தக் கார்டை டிராயரில் போட்டு மூடினேன். மறுநாள் மேலே போகும்போது புதுக் கார்டு கொண்டுபோனேன். பழையதில் இடம் இருந்தது. ஆனால் அந்தக் குரலின்மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு யாராவது எழுதட்டும், பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் அரோகரா போட்டுக்கொண்டு அதன்மேல் ஏறி நடக்கட்டும் என்றுதான் சதஃபிடம் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொரு மாதமும் அப்படித்தானே நடந்தது. மழை வரும் என்று எனக்குத் தெரியாது.

கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டிருந்தால் முடிந்திருக்குமே என்கிறீர்கள். கத்தரிக்கோல் கடையில் இருந்தது. கையில் எடுத்தும் பார்த்தேன்.

நல்ல கார்டு, மேடம். வெட்ட மனது வரவில்லை.