தெரிந்த குரல்

– ஒண்ணா? அடியே, கண்ணைத் துடைச்சுட்டு நல்லாப் பாரு. அஞ்சுக்கு ஒண்ணா?

– ஒண்ணுதாம்மா. வாசிப்புல நாலு, கேட்டுப் புரிஞ்சுக்கறதுல நாலு. உச்சரிப்புலதான் ஒண்ணு.

– இந்த ஊர் பாஷையில பேசறதுக்கு மூணு இருந்தாத்தானே வார்டுல நோயாளிங்க பக்கத்துல விடுவாங்க? இன்னும் அந்த ஆஸ்பத்திரி சலவை ரூம்லயே சோப்பு நுரையோட கிடந்து சாகணுமா நான்?

– இன்னொரு தடவை பரீட்சைக்குப் போலாம்மா.

– இன்னொரு தடவை எதுக்கு? கீழ போட்டிருக்கே, நாளைக்குள்ள சொன்னா என் பேச்சை மறுபடியும் கேட்டு மார்க் போடுவாங்கன்னு. நீ அங்கதானே உக்காந்து எல்லாருக்கும் மார்க் போடற? ஒரு வார்த்தை சொல்லேன்.

– அங்க வேலை பாக்கறதாலதான் சொல்ல முடியாது.

– ஆமா பின்ன, பெத்தவளுக்குன்னா மட்டும் உங்க ஆபீஸ்ல புதுசா சட்டம் முளைக்கும். உங்க ஆளுங்க நல்லவங்கடி. அன்னைக்கு உங்க ஆபீஸ் விருந்துல நான் வாயே திறக்கல. ஆளாளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, தோளைத் தட்டிட்டுப் போனாங்க. அந்த மனுஷங்க ஒண்ணு போடுவாங்களா?

– அம்மா, அந்தப் பேச்சை விடு.

– எதுக்கு விடணும்? எவளோ ஒரு மகராசி காதைக் கழட்டி வச்சுட்டுக் கேட்டிருக்கா. அவ நல்லா இருக்கட்டும்.

– அடுப்புல ஏதோ தீயுது பாரு.

– ஒண்ணும் தீயல. அடுப்பே இன்னும் பத்த வைக்கல. இங்க என்னைப் பாருடி. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? யாரு போட்டாங்கன்னு உனக்குத் தெரியும்.

– தெரியும்.

– யாரு? உன் பக்கத்து சீட்டுல ஒரு குட்டை முடிக்காரி இருப்பாளே, அவளா?

– அவ இல்ல.

– பின்ன?

– நான்தாம்மா.

– நீயா?

– பேரெல்லாம் வராதும்மா, வெறும் குரல்தான் வரும். நீ வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. ‘தெரிந்த குரல்’னு ஒரு பட்டன் இருக்கு. அதை அமுக்கினா வேற ஆளுக்குப் போயிடும்.

– அமுக்க வேண்டியதுதானே?

– என் ஹெட்ஃபோன் ரிப்பேர். ஸ்பீக்கர்ல ஓடிட்டிருந்துச்சு. குட்டை முடிக்காரி உச்சரிப்பைக் கேட்டுட்டு சிரிச்சா. பட்டனை அமுக்கினா, ‘யாரு உனக்கு’ன்னு கேப்பா.

– சரி, அம்மான்னு சொல்ல வாய் வரல. போகட்டும். அதுக்கு ஏன்டி ஒண்ணு? நிஜமாவே அவ்வளவு கேவலமாவா பேசினேன்?

– இல்லம்மா. நியாயமாப் பாத்தா மூணு.

– மூணு!

– மூணு போட்டா, ‘இதுக்கா மூணு?’ன்னு என் பக்கம் திரும்புவா. என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்னு பயந்துட்டேன். கை தானா ஒண்ணுல போய் விழுந்துடுச்சு.

– கை தானாப் போச்சாம்! நல்லா இருக்குடி நியாயம்.

– திட்டும்மா. செருப்பால கூட அடி. என்னை நினைச்சா எனக்கே கூசுது, கண்ணாடி பாக்க முடியல. நாளைக்குக் காலையில போய் எல்லாத்தையும் ஒத்துக்கறேன். வேலை போனாப் போகட்டும்.

– போனா? என்கூட சலவை ரூமுக்கு வர்றியா?

– வர்றேன்.

– கிழிச்ச. ஒரு போர்வையைப் பிழியத் தெரியாது உனக்கு. அதை விடு. ஒண்ணு கேக்கறேன். நான் என்ன பேசினேன்னாவது கேட்டியா?

– இல்லம்மா. என்ன சொல்றாங்கன்னு நாங்க கவனிக்கவே மாட்டோம். கவனிச்சா மனசு இளகி மார்க் ஏறிடும்னு அப்படித்தான் பழக்கியிருக்காங்க. நாக்கு எங்க படுது, மூச்சு எங்க நிக்குது, அவ்வளவுதான். வெறும் சத்தம்.

– என் சத்தத்தை மட்டும் கேட்ட.

– ஆமாம்மா.

– நானும் ஒரு நாள் உன் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். அந்த விருந்துல. என்னைக் காட்டி அவங்க பாஷையில எல்லார்கிட்டயும் ஒண்ணு சொன்னியே. எங்கம்மான்னு பெருமையாச் சொல்றன்னு நினைச்சு, பூரிச்சுப்போய் அந்தச் சத்தத்தை அப்படியே மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். பாஷை க்ளாஸ்ல சேர்ந்ததும் முதல் வேலையா டீச்சர்கிட்ட அதைச் சொல்லிக் காட்டித்தான் அர்த்தம் கேட்டேன்.

– அம்மா, வேண்டாம்மா.

– ‘எதுக்கு இந்த பாஷையைக் கத்துக்கறீங்க?’ இதானே பரீட்சையில கேள்வி? வார்டு வேலைக்குன்னு சொல்லத்தான் போனேன், வாயில வேற வந்துடுச்சு. ‘என் பொண்ணு அவ ஆபீஸ் விருந்துல, அம்மாவுக்குத் தொண்டையில வியாதி, பேச வராதுன்னு சொல்லிட்டா. அடுத்த விருந்துல அவ அந்தப் பொய்யைச் சொல்லிட்டுத் தலை குனிஞ்சு நிக்கக் கூடாது, அதுக்குத்தான் கத்துக்கறேன்’னு சொன்னேன்.