கோழி சொன்னால் நம்புவார்

நாமக்கல்லில் இருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் லேப்டாப் பை வைத்திருந்த இளையவள், புதுச்சத்திரம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

“சார்ஜ் போட்டுக்கிட்டு இதுல கை வெச்சா கடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்கக்கா. சுர்ருன்னு எறும்பு ஊர்ற மாதிரி.”

“கரண்டுங்களா?”

“ஆமாங்க. எனக்குப் பொழுது முச்சூடும் இதுலதான வேலை. ஊட்டுக்காரர்கிட்ட சொன்னா, தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லை, உனக்குப் பிரமைன்னாரு. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா எப்படிங்க தெரியும்?”

“செருப்பைக் கழட்டச் சொல்றதுதானுங்க?”

“சொன்னேனுங்க. வேலை செய்யக் கள்ளம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிச் சிரிக்கறாரு. ஒரு மாசமா இதே பாட்டுத்தான்.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து அவளைத் திரும்பிப் பார்த்தாள். “அப்புறம்?”

“போன வாரம் எங்க பண்ணையில கோழிங்க தண்ணி குடிக்கலை. குழாயில மூக்கை வெச்சதும் உதறிக்கிட்டுப் பின்னால போகுது. காலையில பாத்தாரு, மத்தியானத்துக்குள்ள எலக்ட்ரீசியன் வந்துட்டாரு. ஊட்டுக்கும் பண்ணைக்கும் ஒரே எர்த்துங்க. அந்த ஒயரு அத்துப் போய்க் கெடந்துச்சு.”

“இப்பக் கடிக்கறதில்லைங்களே?”

“லேப்டாப்பு கடிக்கறதில்லைங்க.” பையின் ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினாள். “இனிமே எனக்கு என்ன ஆனாலும் கோழிகிட்டச் சொல்லி உடறேன், அது வந்து சொல்லும்னு சொல்லிட்டேனுங்க.”