செவலைக்கு ஒரு சொட்டு தீர்த்தம்

"ஹலோ... தியாகேசன் தம்பிங்களா? நாந்தாங்க, செசிலி... செசிலிங்க! கார்த்திகையில உங்களுக்கு செவலைய வித்தேனே... ஆமா, ஆமா, அந்த அம்மாதான்."

வனத்து அந்தோணியார் கோயில் வாசலில் ஊர் மாடெல்லாம் வரிசை கட்டி நின்றன. தை மாதத்தில் சாமியார் ஆடுமாடுகளுக்கு தீர்த்தம் தெளிக்கும் நாள். செசிலி மட்டும் வெறுங்கயிற்றோடு நின்றாள். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொட்டிலின் ராசியும் கூடவே போய்விடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இப்போது கொட்டிலில் ராசி இருக்கிறது, மாடுதான் இல்லை.

"அய்யய்யோ, திருப்பிக் கேக்கலீங்க... ஆமா, இந்த முழங்கால வச்சிக்கிட்டு எங்கேருந்து புல்லறுக்கிறது? ஒரே ஒரு ஒத்தாசை தம்பி. போனைக் கொண்டுபோயி அது காதுல வைக்கணும்... சிரிக்காதீங்க."

"..."

"இன்னிக்கி இங்க மாடு மந்திரிக்கிறாங்க. நாலு வருசமா விடாம கூட்டியாந்தேன். இப்ப சினை வேற... ஆங்? மடி இறங்கிடுச்சா? இந்த வாரமேவா? அப்பன்னா கட்டாயம் வைக்கணும்! தலையீத்துல கன்னு செத்துப் பொறந்துச்சுங்க. ரெண்டு நாளு அது தீனி திங்கல. நானுந்தான்... உங்க சாமியையும் கும்பிடுங்க, யாரு வேணாங்குறா? ஏய், சும்மா இருடா எருமை! உங்கள இல்லீங்க தம்பி, இங்க ஒரு கிடா முட்டுது."

"..."

"பேச ஆளில்லீங்க வீட்டுல. காலையில எந்திரிச்சி கொட்டிலப் பாத்து 'என்னடி'ங்கிறேன். அப்பறந்தான் நெனப்பே வருது... சரி சரி, அழல. நீங்க நடங்க... வச்சிட்டீங்களா? எந்தக் காது? அய்யோ, இடது பக்கம் வேணாம், உதைக்கும்!"

சாமியார் வாளியோடு எதிரே வந்து நின்று, கயிற்றின் மறுமுனையைத் தேடினார்.

"சாமி, மாடு இந்தப் போன்ல இருக்கு சாமி."

சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். வேப்பங்கொத்தைத் தண்ணீரில் முக்கினார்.

"செவலே... ஏய் செவலே... நாந்தான்டி. பயப்படாத. இந்தத் தடவ நல்லபடியா பொறக்கும்... தெளிங்க சாமி."

அவர் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் இல்லை. கயிறு நனைந்தது, முகம் நனைந்தது, போனும் நன்றாகவே நனைந்தது.

"தம்பி, கேட்டிச்சா? காத ஆட்டுச்சா?... என்னது?... கத்துதா? எனக்குக் கேக்கலியே... இன்னும் கிட்ட வைங்க... ஹலோ... ஹலோ?"

போன் அணைந்துவிட்டது. புடவையில் துடைத்தாள், தட்டினாள், அமுக்கினாள். உயிர் வரவில்லை. பின்னால் கிடாவைப் பிடித்திருந்தவர் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்.

செசிலி நனைந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அணைந்த போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாடி... ஆமா... எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்..."