ஒன்பது முறை கை தூக்கிய பக்க அமைப்புப் பிரிவு தன் தலைவருக்கு எழுதும் பிரியாவிடை மடல்

பக்கம் பல கண்ட பண்பாளரே, பிழை கண்டாலும் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்ளும் பெருந்தகையே, இந்தப் பாடநூல் அச்சகத்தின் பக்க அமைப்புப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டிக் காத்த எங்கள் தலைவரே, வணக்கம்.

ஓய்வு பெறுவது தாங்கள் மட்டும் என்றால் இன்னும் நாலு அடைமொழி சேர்த்திருப்போம். மாத இறுதியோடு பிரிவையே மூடுகிறார்கள். நம் பழைய கணினிகளில் கட்டிய பக்கங்களைப் புது அச்சு எந்திரங்கள் ஏற்காதாம். வேலை வெளியாருக்குப் போகிறது. நாங்கள் அறுவரும் வீட்டுக்குப் போகிறோம்.

பழையதிலேயே இருப்பதா, புதிய கணினி முறைக்கு மாறுவதா என்று ஆண்டுக்கொருமுறை எங்களைக் கூட்டிக் கேட்ட நியாயவான் தாங்கள். "பழசே போதும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்பீர்கள். நாங்கள் தங்கள் முகத்தைப் பார்ப்போம். ஆறு கைகளும் எழும். குறித்துக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்புவீர்கள். பிறகு தேநீர். இப்படியே ஒன்பது ஆண்டுகள்.

நேற்று மேசையைக் காலி செய்துகொண்டே எங்கள் தலையில் கல்லைப் போட்டீர்கள்.

"உங்களுக்காகத்தாம்ப்பா விட்டுக் குடுத்தேன். எனக்குப் புதுசு மேலதான் ஆசை. வீட்ல அதத்தான் வச்சிருக்கேன்."

மெய்ப்புப் பார்க்கும் அக்காதான் வாய் திறந்தார். "ஐயா, நாங்க உங்க மூஞ்சியப் பாத்துத்தான் தூக்கினோம். பழசுன்னா உங்களுக்கு உசுருன்னு நெனச்சோம்."

"என் மூஞ்சி எப்பவுமே அப்படித்தாம்மா இருக்கும்."

மரியாதையால் மாண்ட பிரிவு என்று நம்மைச் சொல்லலாம். பழியைத் தங்கள் மீது மட்டும் போட எங்களுக்கு வாயில்லை. ஒரு கையாவது கீழேயே கிடந்திருக்கலாம். எங்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது, அவள் பக்கங்களைத் தாங்களே முடித்து அவள் பெயரையே போட்டு அனுப்பியவர் தாங்கள். அப்படிப்பட்டவரிடம் யார் மறுத்துப் பேசுவது?

எங்களில் இளையவருக்கே வயது நாற்பத்தொன்று. வேலை கேட்டுப் போன இரண்டு இடங்களிலும் முதல் கேள்வி, "புதுசுல வேலை தெரியுமா?" ஆகவே, தாங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும் என்ற எங்கள் வாழ்த்தில் சுயநலமும் கலந்திருக்கிறது. திங்கட்கிழமை மாலை அறுவரும் தங்கள் வீட்டுக்கு வருகிறோம். அந்தக் கணினியில் ஒரு பக்கமாவது கட்டிக் காட்டுங்கள். நாற்காலி போதாவிட்டால் தரையில் உட்கார்ந்துகொள்கிறோம். தங்களுக்குச் சம்மதமா என்று நாங்கள் கேட்பதாக இல்லை.

இங்ஙனம்,
மாத இறுதிவரை பக்க அமைப்புப் பிரிவின் ஊழியர்கள்